தரையில் படாத அடுப்பு

செல்வம், மலர், உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் செல்வம் கைபேசியில் ஒரு படம் காட்டினான். அவனும் அவன் நண்பனும் சேர்ந்து செய்த வண்டி. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் படுத்துக் கிடப்பது போல இருந்தது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் சமைக்கலாம் என்றான். "இதுல இன்னும் என்னல்லாம் சேக்கலாம், சொல்லுங்கப்பா" என்று கேட்டான். நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடுப்பு எங்கடா?" என்றேன். "அதான்ப்பா, வால் பக்கம்" என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று மலரிடம் குறைப்பட்டுக்கொண்டானாம்.

பிடிக்காமல் இல்லை. அதே மாதிரி ஒரு வண்டியை நான் நீங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். அதைச் செய்தவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு பெண். நாற்று நடுகிறவர். ஊர் சுற்றிப் பார்க்க அவர் அதைச் செய்யவில்லை.

தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சாம்பல்தான். காலையில் கஞ்சி காய்ச்சி முடிந்ததும் அடுப்புச் சாம்பலை ஒரு தகர டப்பாவில் அள்ளுவார். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய், வரப்போரம் தூவிவிட்டு வருவார். பிறகு ஈர்க்குமாற்றை எடுத்துத் தன் வண்டிச் சக்கரம் பதிந்த தடத்தைக் கூட்டுவார். தண்ணீர்ப் பானை வண்டியின் பக்கத்தில் ஒரு வளையத்தில் தொங்கும். துணி வண்டிக்கு மேலேயே காயும். வண்டி நகர்ந்து போய்விட்டால், அங்கே ஒரு மனுஷி இருந்தாள் என்று சொல்ல ஒரு துரும்பு இருக்காது.

பக்கத்துக் குடிசை காத்தாயிப் பெரியம்மாவுக்கு இது பொறுக்காது. "திருடன்கூட இவ்வளவு சுத்தமா துடைச்சிட்டுப் போவ மாட்டான்டி" என்பார்.

"திருடன் போயிடுவான். நான் இங்கயேதான இருக்கேன்" என்பார் அக்கா.

ஏன் இப்படி என்று உங்களுக்குப் புரிய வேண்டும் என்றால், எங்கள் தெரு யார் நிலத்தில் இருந்தது என்று சொல்ல வேண்டும். மன்னார்குடியிலிருந்து தெற்கே போகிற வாய்க்கால் ஓரத்தில் ஒரே வரிசையாகக் குடிசைகள். குடிசை எங்களுடையது. அது நின்ற மண் பண்ணையுடையது. வயல் வேலைக்குப் போகிற வரைக்கும் அங்கே இருக்கலாம். எதிர்த்துப் பேசினால் மண்ணை விட்டுக் கிளம்ப வேண்டும். ஓர் அறுவடையில் கூலி நெல் கூடக் கேட்டுத் தெருமுனையில் செங்கொடி ஏறியது. பண்ணை வெளியூர் ஆளை இறக்கியது. களத்துமேட்டில் வழியை மறித்து உட்கார்ந்த பெண்களில் முன்னால் இருந்தவர் அக்கா. புருஷன் காய்ச்சலில் போய் அப்போது வருஷம்கூடத் திரும்பவில்லை.

மறுநாள் பண்ணை ஆட்கள் வந்து அவர் குடிசையின் நடுக்காலை அசைத்துப் பிடுங்கினார்கள். கூரை அப்படியே உட்கார்ந்தது. சட்டி பானையை வாய்க்காலில் எறிந்தார்கள். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை என்று சொல்லுவார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, மிதந்து போன பானைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கரையில் வைத்தாராம். வைத்துவிட்டுச் சொன்னாராம்: "நடுக்கால் இருந்தாத்தான புடுங்குவான்."

காத்தாயிப் பெரியம்மா குடிசையில் கொஞ்ச காலம் ஒண்டியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் அரிசி மில்லுக்குப் பின்னால் குட்டையில் கிடந்த ஓர் உடைந்த மாட்டு வண்டியைக் கேட்டு வாங்கினார். மூங்கில் பிளாச்சை வளைத்துக் கூண்டு கட்டி, மேலே ஓலைப்பாய். மாடு கிடையாது. நடவு ஆட்களே முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேராகத் தள்ளுவார்கள். முதல் ஐப்பசி மழையில் பாய் ஊறி உள்ளே குளமாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வண்டியில் வேலை நின்றதே இல்லை. கையில் இரண்டு மரக்கால் கூலி நெல் மிஞ்சினால் அது ஏதாவது ஓர் ஆணியாகவோ தகடாகவோ மாறிவிடும்.

ரோடு போட்டவர்கள் விட்டுப் போன தார் டிரம்மை வெட்டித் தட்டி விரித்துத் தகடாக்கினார். நாலு மூலை வீடு மாதிரிதான் அடைக்க நினைத்தது. தகடு போதவில்லை. முன்னால் உட்காருகிற உயரத்துக்கு வளைத்து, அப்படியே பின்னால் இறக்கிக்கொண்டு போய் முடித்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மாங்கொட்டை என்று பெயர் வைத்தார்கள். "கொட்டைக்குள்ள வண்டு எழுந்திருச்சாச்சா?" என்று காத்தாயிப் பெரியம்மா காலையில் தகட்டைத் தட்டிக் கேட்பார். அடுத்த ஐப்பசியில் வாடைக்காற்று அடித்தபோது தெருவில் பாதிக் கூரை பிய்ந்தது. மாங்கொட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளேயிருந்து அக்கா தகட்டைத் தட்டி, "வண்டு உசுரோட இருக்கு, நீ இருக்கியாடி?" என்று கேட்டது தெருவுக்கே கேட்டது.

மரச்சக்கரம் எங்கள் களிமண்ணில் அச்சு வரை இறங்கிவிடும். நான் அப்போது மில்லில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். மன்னார்குடி பழைய இரும்புக் கடையில் ஒரு ஜீப்பின் பின் அச்சு டயரோடு கிடந்தது. அதை நான்தான் ஏற்றிக்கொண்டு வந்து கொல்லுப்பட்டறையில் இறக்கினேன். ஆசாரி அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, இது வீடா வண்டியா? ஒண்ணைச் சொல்லு. அதுக்குத் தக்கன அடிக்கிறேன்."

"கேக்குறவன் யாருன்னு பாத்துச் சொல்லிக்கிறேன் ஆசாரியாரே. நீங்க ரெண்டுக்கும் சேத்து அடிங்க."

அவர் சொன்னது விளையாட்டில்லை. நடவுக்குப் போகாத நாளெல்லாம் அந்த வண்டி ஒரே ஓர் இடத்தில்தான் நிற்கும். அவர் குடிசை இருந்த அதே இடம். வாய்க்கால் மதகை ஒட்டிய மூலை. பண்ணைக் காரியக்காரர் குடையோடு வந்து நிற்பார்.

"எடும்மா வண்டியை."

"எடுக்கிறேங்க."

நாலு பெண்கள் கை வைத்துத் தள்ளுவார்கள். வண்டி பத்தடி போகும். காரியக்காரர் தலை மறைந்ததும் திரும்ப வந்து நிற்கும். சாயங்காலம் அவர் மறுபடி வருவார்.

"எடுக்கச் சொன்னேன்ல?"

"எடுத்தேங்களே."

"இங்கதான நிக்கிது!"

"இது வேற நிறுத்தம்ங்க."

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். காரியக்காரர் சிரிக்க மாட்டார். ஒருநாள் கூட வந்த ஆள், தரையில் எரிந்துகொண்டிருந்த அடுப்பைக் காலால் எத்திவிட்டான். கஞ்சி முழுக்க மண்ணில். அக்கா பானை ஓட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே சொன்னதை நான் காதால் கேட்டேன். "தரையில நம்ம சாமான் ஒண்ணு இருந்தாத்தான காலை வைப்பான்."

அதற்குப் பிறகுதான் அந்த அடுப்பு. மண்ணெண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டி, உள்ளே வைக்கோல் பிசைந்த களிமண் பூசி, வண்டியின் வால் பக்கத்தில் வைத்தார். முதல் நாளே பலகை கருகிப் புகை வந்தது. பிறகு இரும்புச் சட்டம் அடித்து, பலகைக்கு வெளியே காற்றில் தொங்குகிற மாதிரி மாட்டினார். வால் தகட்டைக் கீல் போட்டு மேலே தூக்கி ஒரு கழியால் முட்டுக் கொடுத்தால், மழையிலும் நின்றபடியே சமைக்கலாம். அது சரியாக எரிந்த அன்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. "இனிமே நான் இந்த மண்ணுக்கு ஒண்ணும் குடுக்க வேணாம், இந்த மண்ணும் எங்கிட்டேருந்து ஒண்ணும் எடுக்க முடியாது" என்றார். அன்று தொடங்கியதுதான் சாம்பல் அள்ளுவதும்.

மேட்டூர் திறந்தால் தண்ணீர் முதலில் திருவையாற்றுப் பக்கம் ஏறும். அங்கே குறுவை நடவு தொடங்கும். தண்ணீர் கீழே இறங்க இறங்க நடவும் இறங்கும். கடைசியில் முத்துப்பேட்டைப் பக்கம் உப்புக்காற்றில் போய்ச் சம்பா நடுவார்கள். எங்கள் தெரு நடவு ஆட்கள் தண்ணீர் போகிற வழியே போவார்கள். மாங்கொட்டையும் கூடவே போகும். கைக்குழந்தைக்காரிகள் முன்பெல்லாம் பிள்ளையை வரப்பு மரத்தில் சேலையால் ஏணை கட்டிப் போட்டுவிட்டு இறங்குவார்கள். எறும்பு கடிக்கும், வெயில் திரும்பிவிடும், பாம்புப் பயம் வேறு. அக்கா வண்டிக்குள் ஏணைக்குக் கொக்கி அடித்தார். முத்துப்பேட்டையில் பழைய மீன்வலை வாங்கி ஜன்னலுக்குக் கட்டினார். தகடு கொதிக்கிறது என்று உள்ளே வைக்கோலைத் திணித்துச் சாக்கு தைத்தார். உங்கள் சொந்தப் பெரியம்மா மகன், இப்போது பேங்கில் இருக்கிறானே, அவன் அதற்குள் தூங்கி வளர்ந்தவன்தான். அவனுக்குத் தெரியாது.

சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. டீக்கடை ரேடியோவில் புதுசாக ஒரு தமிழ் கேட்டது. குடியிருக்கிறவனுக்கே குடியிருக்கிற மனை என்று சட்டம் வருகிறது என்றார்கள். வராது என்றார்கள். வந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து வீடு வீடாகப் பார்த்து எழுதப்போகிறார், எழுதிவிட்டால் பட்டா, அதற்குப் பிறகு பண்ணை வந்து நடுக்காலைத் தொட முடியாது. அவர் வருவதற்கு முதல் நாள் தெருவில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அக்கா வண்டியைத் துடைத்து, சக்கரத்துக்குச் செம்மண் பூசி, அதே மதகு மூலையில் நிறுத்தியிருந்தார்.

அதிகாரி கெட்டவரில்லை. வெயிலில் நின்று பொறுமையாகக் கேட்டார். "எத்தனை காலமா இங்க இருக்கீங்கம்மா?"

"கண்ணாலம் ஆகி வந்த நாள்லேருந்துங்க."

காரியக்காரர் முன்னால் வந்தார். "ஐயா, இது வண்டி. வண்டி நிறுத்துன எடத்துக்கெல்லாம் பட்டாவா? நாங்க ஆட்சேபணை எழுதிக் குடுத்திருக்கோம்."

"நாங்க சாட்சி சொல்றோம்!" என்று காத்தாயிப் பெரியம்மா கத்தினார். "குத்துக்கல்லாட்டம் தெருவே நிக்கிது, கேளுங்க!"

அதிகாரி கையைக் காட்டி அமர்த்தினார். "ஆட்சேபணை இருக்கிறப்ப கண்ணால பாக்குறதைத்தான் நான் எழுத முடியும். ஒரு மண் திட்டு, ஒரு அடுப்பு, ஒரு பூசணிக் கொடி, ஏதாவது காட்டுங்கம்மா." அவர் குனிந்து பார்த்தார். ஈர்க்குமாறு கூட்டிய கோடுதான் இருந்தது. "அடுப்பு எங்கம்மா?"

அக்கா வால் தகட்டைத் தூக்கிக் காட்டினார். அடுப்பு காற்றில் தொங்கியது.

காரியக்காரர் அப்போதுதான் முதல்தடவையாகச் சிரித்தார்.

அதிகாரி பேனாவை மூடிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். "தெருவுல பாதிதான் முடிஞ்சிருக்கு. மிச்சத்துக்கு நாளைக்கு வருவேன். அப்ப வந்து திரும்பப் பாக்குறேன்." அவர் எதைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது.

நான் மில்லுக்கு ஓடி ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "அக்கா, சக்கரத்தைக் கழட்டிடுவோம். கீழ மண்ணைக் கொட்டி உக்கார வச்சிட்டா வீடுதான்" என்றேன்.

அவர் டயர் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "சக்கரம் இருந்ததாலதான் தம்பி நான் இங்க இருந்தேன். இப்ப அதைக் கழட்டிப் போட்டுட்டு, இருந்தேன்னு சொல்லணுமா?"

"சட்டம் கேக்குதே அக்கா."

"நேத்திக்குத்தான் கழட்டுனான்னு காரியக்காரரு சொல்லுவாரு. அது நெசமாவும் இருக்கும். அப்பறம், நாத்து பறிக்கிறாங்க. புள்ளைங்க எங்க படுக்கும்?"

விளக்கு வைக்கிற நேரத்தில் காத்தாயிப் பெரியம்மா வந்தார். இடுப்பில் பிள்ளையைத் தூக்கிவைத்திருப்பது போல எதையோ வைத்திருந்தார். அவர் வீட்டு அடுப்பு. கடப்பாரையால் தரையிலிருந்து பெயர்த்து, அடிமண்ணோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கையெல்லாம் கரி.

"எங்க மாமியா காலத்து அடுப்பு. கரியைப் பாரு, இரும்பாட்டம் இருக்கு. ஒன் வண்டிக்கு அடியில பொதைச்சிடுவோம். எந்த ஆபீஸருக்கு என்ன தெரியும்?"

அக்கா அந்த அடுப்பைப் பார்த்தார். பிறகு காத்தாயிப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஏண்டி, நாளைக்கு ஒன் வீட்டுக்குத்தான வராரு. ஒன் அடுப்பு எங்கன்னு கேட்டா?"

"எனக்குக் கூரை இருக்கு. கூரையக் காட்டுறேன்."

"எனக்கும் ஒரு நா கூரை இருந்துச்சு" என்றார் அக்கா. அடுப்பை அவரே வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு நேராகக் காத்தாயிப் பெரியம்மாவின் குடிசைக்குள் போனார். பெயர்த்த குழியிலேயே வைத்து, மண் குழைத்து அணைத்து, சாணி போட்டு மெழுகினார். பெரியம்மா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அதிகாரி அந்தக் குடிசைக்குள் குனிந்து நுழைந்ததும் காரியக்காரரின் கண் ஈர மெழுகல் மேல் போனது. "ஐயா, பாருங்க, நேத்திக்கு வச்ச அடுப்பு! இதெல்லாம் ஜோடனை!"

பெரியம்மாவின் மனையே போகிற நேரம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார்.

"மெழுகுனது நேத்துத்தாங்க. நான்தான் மெழுகுனேன். அடுப்பு நேத்தி அடுப்பு இல்லைங்க. வாய்க்குள்ள கையை விட்டுப் பாருங்க."

அதிகாரி கையை விட்டார். நகத்தால் சுரண்டினார். கரி உதிரவில்லை. பல காலம் எரிந்து கல்லாக இறுகிய கரி. அவர் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதி முடித்து வெளியே வந்து, மதகு மூலையைப் பார்த்தார். மாங்கொட்டை சக்கரத்தோடு நின்றது.

"கழட்டலையாம்மா?"

"இல்லைங்க. நடவு இருக்கு."

தெருவில் எல்லாருக்கும் பட்டா வந்தது. அவருக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் எப்படி இருந்தார் என்று கேட்பீர்கள். முன்பு போலத்தான் இருந்தார். வண்டியில் வேலை நிற்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தில் உரசவைத்து உள்ளே ஒரு சின்ன விளக்கு எரியவிட்டார். வண்டி ஓடினால்தான் எரியும், நின்றால் அணைந்துவிடும். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. ஆனால் மதகு மூலையில் அவர் பிறகு நிறுத்தவில்லை. பட்டா வாங்கியவர்கள் ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்கள். எங்க மனையில நில்லுங்க, எங்க மனையில நில்லுங்க என்று. ஒரு போகம் ஒரு வீட்டு வாசலில், அடுத்த போகம் அடுத்த வீட்டில் என்று நின்றார். அங்கெல்லாம் அவரை எடுக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. அப்படியும் சாம்பலை அள்ளிக்கொண்டுதான் இருந்தார். "இங்க எவன்டி எத்தப் போறான், போடேன் கீழ" என்று காத்தாயிப் பெரியம்மா சண்டை போடுவார். "கை பழகிடுச்சு" என்பார் அக்கா.

அவர் தவறியபோது நான் உங்கள் அம்மாவோடு தஞ்சாவூருக்கு வந்துவிட்டிருந்தேன். சேதி தெரிந்து போவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. காத்தாயிப் பெரியம்மாவின் மனையில் மாங்கொட்டை நின்றது. டயர் இறங்கியிருந்தது. உள்ளே கோழி அடைத்திருந்தார்கள். பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

"வந்தியா தம்பி. படுத்த எடத்துலேருந்து எழுந்திருக்கல. நம்ம மனையிலதான் போனா. வண்டியிலதான் போனா" என்றார்.

"அந்த அடுப்பை நான் கொஞ்சம் எடுத்துக்கவா பெரியம்மா?"

"அதை வச்சி என்னப்பா பண்ணப் போற?"

"ஒரு வேலை இருக்கு."

வால் தகட்டைத் தூக்கினேன். கீல் துருப்பிடித்து முனகியது. சட்டத்திலிருந்து அடுப்பைக் கழற்றி, நடுச்சாலை வழியாகப் போகாமல் வாய்க்கால் கரையோரமாகவே நடந்தேன். மதகு மூலையில் யாரும் இல்லை. பண்ணை நிலமெல்லாம் பல கை மாறிவிட்டது, அந்த மூலையை மட்டும் யாரும் எதற்கும் வைத்துக்கொள்ளவில்லை. புல் மண்டிக் கிடந்தது. கையாலேயே புல்லைப் பிடுங்கிக் கொஞ்சம் தரையைத் தெளிய வைத்தேன். அடுப்பை அங்கே இறக்கினேன். சுற்றிலும் கிடந்த வைக்கோலையும் காய்ந்த கருவேலஞ்சுள்ளியையும் வைத்து மூட்டினேன். உலை ஒன்றும் ஏற்றவில்லை. சும்மா எரியவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே மண் சூடேறிக் கறுத்தது.

எரிந்து அடங்கி ஆறியதும் அடுப்பை அங்கேயே கவிழ்த்துத் தட்டிவிட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சாம்பலை அள்ளவில்லை.